லூப் கத்துக்கணுமா? திரையை விட்டுட்டு ஒரு எல்.இ.டி.யை எரிய விடுங்க!

புரோகிராமிங் வகுப்புல ‘லூப்’ வந்தாலே முதல் பயிற்சி ஒன்றுதான்: 1 முதல் 10 வரை திரையில் அச்சிடு. விடை வந்துவிடும். ஆனால், எதற்காக இதைச் செய்கிறோம் என்பது புரியாது. திருக்கோவிலூர் போன்ற ஊர்களின் பள்ளிகளில் இந்தப் பாடத்தை ஒரு எல்.இ.டி.யில் இருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

லூப் என்றால் என்ன?

ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் கட்டளை. விளக்கை எரியவிடு, 1 விநாடி பொறு, அணை, 1 விநாடி பொறு: இது 4 வரி. பத்து முறை மினுக்க 40 வரி எழுதணும். ‘ஃபார்’ லூப் இருந்தால் அதே 4 வரியே போதும். எத்தனை முறை என்பதை மட்டும் மேலே சொன்னால் சரி. எண்ணிக்கை தெரியாமல், ‘இந்த நிலை இருக்கும்வரை செய்’ என்றால் அது ‘வைல்’ லூப்.

2005-ல் இத்தாலியில் மாணவர்களுக்காக உருவான ஆர்டுயினோ போர்டில், மின்சாரம் இருக்கும்வரை ஓடும் ‘லூப்’ என்ற பகுதியே தனியாக உண்டு.

தப்பு கண்ணுக்குத் தெரியும்

அணைத்த பிறகு வரும் ‘1 விநாடி பொறு’ வரியை எடுத்துப் பாருங்கள். விளக்கு அணையாமல் எரிவது போலவே இருக்கும். உண்மையில் அணைகிறது, அடுத்த சுற்று அவ்வளவு வேகமாக வருவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. இதைப் பார்த்த பிள்ளைக்கு லூப்பின் வேகம் மறக்காது.

நம்ம ஊருக்கு என்ன பயன்?

2024 டிசம்பர் 2-ம் தேதி அதிகாலை, ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறக்கப்பட்டது. ஆற்றங்கரையில் இருக்கும் திருக்கோவிலூர் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் எது? ஒரு பக்கெட் தண்ணீர், ஒரு அல்ட்ராசோனிக் சென்சார், ஒரு பஸர் போதும். தூரத்தை அள, தண்ணீர் ஏறினால் ஒலி எழுப்பு, மறுபடி அள. இதுவும் லூப்தான்.

இங்கேதான் பெரிய பாடம் இருக்கு. ஒவ்வொரு சுற்றிலும் ‘1 நிமிடம் பொறு’ என்று எழுதினால், அந்த நிமிடம் முழுக்க போர்டு எதையும் அளக்காது. அதற்குள் தண்ணீர் ஏறிவிட்டால்? எப்போது பார்க்க வேண்டும் என்பதும் புரோகிராம் எழுதுபவரின் பொறுப்பு என்று அப்போது புரியும்.

இந்தப் பக்கெட் மாடல் அரசின் வெள்ள எச்சரிக்கைக்கு மாற்று ஆகாது. ஆனால், எச்சரிக்கை எப்படி வேலை செய்கிறது என்று கேள்வி கேட்கும் தலைமுறையை உருவாக்கும்.

போர்டு வாங்கக் காசு இல்லையா? டிங்கர்கேட் தளத்தில் இலவசமாகவே சர்க்யூட் அமைத்து ஓட்டிப் பார்க்கலாம். பள்ளிக் கணினி ஆய்வகத்தில் வாரம் ஒரு பீரியட் இதற்கு ஒதுக்கினாலே நல்ல தொடக்கம்.