நகரின் கம்பத்தில் எந்தக் கொடி?

2025 மே 6-ஆம் தேதி அமெரிக்காவின் இரு நகர மன்றங்கள் ஏறத்தாழ ஒரே முடிவை எடுத்தன. ஐடஹோ மாநிலத் தலைநகரான பாய்சி, தன்பாலின ஈர்ப்பாளர்கள், திருநர்கள் உள்ளிட்டோரைக் குறிக்கும் வானவில் கொடியைத் தனது அதிகாரபூர்வக் கொடிகளுள் ஒன்றாக ஏற்றது. யூட்டா மாநிலத் தலைநகரான சால்ட் லேக் சிட்டி, வானவில் கொடி உள்ளிட்ட மூன்று கொடிகளில் தனது சின்னமான சீகோ மலரைப் பொறித்து, அவற்றை நகரக் கொடிகளாக்கியது.

அனுமதிக்கப்பட்ட பட்டியலில் இல்லாத கொடிகளை அரசுக் கட்டடங்களில் ஏற்றக் கூடாது என அவ்விரு மாநிலங்களும் அதே ஆண்டில் சட்டமியற்றியதே இதற்குக் காரணம். யூட்டாவில் மீறினால் நாளொன்றுக்கு 500 டாலர் அபராதம். நகராட்சிகளின் அதிகாரபூர்வக் கொடிகளுக்கு இரு சட்டங்களும் இடமளித்திருந்தன. அந்த வழியில் நகரங்கள் நுழைந்தன. தந்திரம்தான், ஆனால், சட்டத்தின் வாசகத்துக்கு உட்பட்ட தந்திரம்.

அரசுக் கட்டடங்கள் நடுநிலை காக்க வேண்டும் என்பது தடையை ஆதரிப்போரின் வாதம். அப்படியானால் யூட்டாவின் பட்டியலில் ஒலிம்பிக் கொடிக்கும் பல்கலைக்கழகக் கொடிகளுக்கும் இடம் கிடைத்தது எப்படி? சிலவற்றை அனுமதித்துச் சிலவற்றை விலக்குவது நடுநிலையன்று, தேர்வு. அந்தத் தேர்வைச் செய்ய வேண்டியது மாநிலமா, நகரமா என்பதே உண்மையான வினா.

பாய்சிக்கு இதில் தனிப்பட்ட வரலாறு உண்டு. 1955-இல், பதின்வயதினர் தொடர்பான புகாரில் அங்கு தொடங்கிய விசாரணை, வயதுவந்தோர் மனமொப்பிக் கொண்ட உறவுகள் வரை நீண்டு ஒரு வேட்டையாகவே மாறியது. ஏறத்தாழ 1,500 பேர் விசாரிக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது; 16 ஆண்கள் மீது வழக்குத் தொடரப்பட்டது. அதே நகரம்தான் 2012 டிசம்பரில், பாலின ஈர்ப்பையோ பாலின அடையாளத்தையோ காரணம் காட்டி வேலையும் வாடகை வீடும் மறுக்கப்படுவதைத் தடை செய்தது. ஐடஹோ மாநில மனித உரிமைச் சட்டத்தில் இந்தப் பாதுகாப்பு சேர்க்கப்படவில்லை. அதாவது, நகர எல்லையைத் தாண்டினால் உரிமை மாறிவிடும்.

கொடியின் பயன் இங்குதான் இருக்கிறது. தனக்கு உரிமை இருப்பதை அறியாதவருக்கு அது இல்லாததற்குச் சமம். பொருளியலில் இதைத் தகவல் சமச்சீரின்மை என்போம். வேலை தேடி வரும் இளைஞர் நகர விதித் தொகுப்பைப் புரட்டிப் பார்ப்பதில்லை. நகர மன்றத்தின் கம்பத்தைப் பார்க்கிறார். இதைவிடக் குறைந்த செலவில் ஓர் அறிவிப்பு சாத்தியமில்லை. (கொடி பறந்தால் முதலீடு பெருகும் என்ற வாதத்தை நான் முன்வைக்கவில்லை. கொடி ஏற்றியதால் நகரம் வளமுற்றதா, வளமான நகரம் கொடி ஏற்றியதா என்று பிரித்தறிவது எளிதன்று.)

இன்று இதை அனுமதித்தால் நாளை கேட்போர் அனைவரின் கொடியையும் ஏற்ற நேருமே என்ற அச்சத்துக்கு 2022-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பில் விடை இருக்கிறது. பாஸ்டன் நகரம் 2005 முதல் 2017 வரை, விண்ணப்பித்தோரின் சுமார் 50 வகைக் கொடிகளை ஏற்ற அனுமதித்துவிட்டு, கிறிஸ்தவ அமைப்பொன்றின் கொடியை மட்டும் மறுத்தது. ஒன்பது நீதிபதிகளும் நகரத்துக்கு எதிராகவே தீர்ப்பளித்தனர். விண்ணப்பங்களை ஆராயாமலே ஏற்றுவந்ததால், அக்கொடிகள் நகரத்தின் குரலாகக் கருதப்படவில்லை. எந்தக் கொடி தன் குரல் என்பதை நகரமே முன்கூட்டி வரையறுத்தால், ஏற்கவும் மறுக்கவும் அதற்கு உரிமையுண்டு. பாய்சி நிறைவேற்றிய தீர்மானம் அத்தகையது.

இந்தத் தர்க்கம் இருபுறமும் வெட்டும். மிச்சிகன் மாநிலத்தின் ஹாம்ட்ராம்க் நகர மன்றம் 2023-இல் வானவில் கொடியையும் வேறு சில கொடிகளையும் நகராட்சி இடங்களில் தடை செய்தது. அது தவறான முடிவு என்பது என் கருத்து. ஆயினும், அதைத் திருத்த வேண்டியவர்கள் அந்நகர வாக்காளர்களே அன்றி, மாநிலச் சட்டமன்றம் அன்று. பாய்சியில் ஐவர் ஆதரிக்க, ஒருவர் தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தார். அந்நகர மக்கள் விரும்பினால், அடுத்து வரும் தேர்தல்களில் அந்த ஒருவரின் தரப்பைப் பெரும்பான்மையாக்கலாம்.