உடல் அளவெடுத்துத் தைப்பதில்லை

மாணவ நண்பர்களே, “கிருமி நுழைந்ததும் அதன் ஆன்டிஜெனுக்கு ஏற்ற ஆன்டிபாடியை உடல் தயாரிக்கிறது” என்று தேர்வில் எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். பௌதிக ஆசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். அந்த ‘ஏற்ற’ என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. வந்த கிருமியைப் பார்த்து, தையற்காரர் சட்டை தைப்பதுபோல, உடல் அளவெடுத்தா ஆன்டிபாடி செய்கிறது?

ஒரு காலத்தில் பெரிய அறிஞர்களே அப்படித்தான் எண்ணினார்கள். அதற்குக் காரணமும் இருந்தது. இரத்த வகைகளைக் கண்டறிந்த லாண்ட்ஸ்டெய்னர், ஆய்வுக்கூடத்தில் ஆக்கிய வேதிப்பொருள்களைப் புரதத்துடன் பிணைத்து விலங்குகளுக்குச் செலுத்தினார். இயற்கையில் இல்லாத அப்பொருள்களுக்கும் ஆன்டிபாடி உண்டாயிற்று! முன்பின் பாராத பொருளுக்கு உடல் எப்படி ஆயத்தமாக இருக்க முடியும்? ஆகவே, ஆன்டிஜெனையே அச்சாகக் கொண்டு புரதச் சங்கிலி மடிகிறது என்றார் லைனஸ் பாலிங், 1940இல். அழகான கருத்து, ஆனால் தவறு.

ஆஸ்திரேலியரான பர்னெட் 1957இல் இதைத் தலைகீழாக்கினார். அளவெடுப்பதே கிடையாது, கடையில் எல்லா அளவிலும் சட்டைகள் முன்பே தொங்குகின்றன! நம் பி செல்கள் ஒவ்வொன்றும் ஒரேவகை ஆன்டிபாடியைத் தன் மேற்பரப்பில் தாங்கியுள்ளது. ஆன்டிஜென் எதனுடன் பொருந்துகிறதோ, அந்தச் செல் தூண்டப்பட்டுப் பெருகுகிறது. அதன் வழித்தோன்றல்கள் அதே வகையைச் சுரக்கின்றன. (பெரும்பாலும் டி செல்களின் உதவியும் தேவை. அது தனிக்கதை.) மறு ஆண்டே நாசல், லெடர்பெர்க் இருவரும், இரண்டு ஆன்டிஜென்கள் செலுத்திய எலிகளின் செல்களைத் தனித்தனியே சோதித்தார்கள். எந்தச் செல்லும் இரண்டு வகையையும் சுரக்கவில்லை.

சரி, நம்மிடம் உள்ள புரத ஜீன்கள் ஏறத்தாழ 20,000தானே, கோடிக்கணக்கான வகைகள் எங்கிருந்து வந்தன? பி செல் உருவாகும்போதே ஆன்டிபாடிக்கான ஜீன் துண்டுகள் சீட்டுக்கட்டுபோலக் கலைந்து சேர்கின்றன. 1976இல் இதற்குச் சான்று தந்த தோனெகாவா, 1987இல் நோபல் பரிசு பெற்றார்.

பாடநூலில் ‘தயாரிக்கிறது’ என்பதற்கு முன் ‘தேர்ந்தெடுக்கிறது’ என்ற சொல் வரவேண்டும் என்பது என் கட்சி. அது வந்தால் மனப்பாடம் செய்யும் பல செய்திகள் தாமே விளங்கும். முதல் தொற்றில் ஆன்டிபாடி பெருக நாள்கள் பல ஆவது ஏன்? பொருந்தும் செல்கள் மிகச் சிலவே. அவை பெருக வேண்டும். தடுப்பூசி பயன்தருவது ஏன்? பெருகியவற்றுள் சில நினைவுச் செல்களாகத் தங்கிவிடுகின்றன.

குலுக்கலுக்குக் கண் கிடையாது என்பதையும் பாருங்கள். நம் உடலையே பற்றும் செல்களும் அதில் பிறக்கின்றன. அவற்றுள் பல எலும்பு மஜ்ஜையிலேயே நீக்கப்படுகின்றன அல்லது மாற்றப்படுகின்றன. சில தப்பிவிடுகின்றன. மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோயில், நரம்பின் செய்தியைத் தசையில் ஏற்கும் புரதத்தையே ஆன்டிபாடிகள் பற்றிக்கொள்கின்றன. நோயாளிக்குக் கண்ணிமையைத் தூக்குவதுகூடக் கடினமாகிறது.