பட்டியலை மாற்றினால் கொசு சாகாது

“பொதுச் சுகாதாரத்தை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்ற வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் ஒரு வழி போனால் கொள்ளைநோயை எப்படித் தடுப்பது?” கொரோனாவுக்குப் பிறகு இந்தக் குரல் வலுத்துவிட்டது. 15ஆவது நிதிக்குழுவின் தலைவராக இருந்த என்.கே. சிங்கும் இதை வலியுறுத்தினார். அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் நிற்குமா?

ஒன்றிய அரசுக்கு அதிகாரம் இல்லை என்கிறார்கள். மாநிலம் விட்டு மாநிலம் தொற்று பரவாமல் தடுப்பது ஏற்கெனவே பொதுப் பட்டியலின் 29ஆவது இனம். துறைமுகங்களிலும் மாநிலங்களுக்கிடையிலும் நோயாளிகளைத் தனிமைப்படுத்துவது ஒன்றியப் பட்டியலிலேயே இருக்கிறது. 2020 மார்ச்சில் நான்கு மணி நேர அவகாசத்தில் நாட்டையே முடக்க, 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் போதுமானதாக இருந்தது.

நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம் இயற்ற வழியில்லை என்கிறார்கள். வழி இருக்கிறது. இரண்டோ அதற்கு மேலோ மாநிலங்கள் தீர்மானம் போட்டுக் கேட்டால் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்கிறது அரசமைப்பின் 252ஆவது பிரிவு. மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்தும் 2010ஆம் ஆண்டுச் சட்டம் அருணாசலம், இமாச்சலம், மிசோரம், சிக்கிம் ஆகிய நான்கு மாநிலங்கள் கேட்டு வந்ததுதான். விரும்பிய மாநிலங்கள் பிறகு சேர்ந்துகொண்டன.

ஒருங்கிணைப்பு நடக்காது என்கிறார்கள். போலியோ எப்படி ஒழிந்தது? சொட்டு மருந்து நாளை டெல்லி குறித்தது. வீடு வீடாகப் போனவர்கள் மாநிலங்களின் பணியாளர்கள். கடைசி நோயாளி 2011 ஜனவரியில். ஒழிப்புச் சான்று 2014 மார்ச்சில். 2018இல் கேரளத்தில் நிபா வந்தபோதும் கோழிக்கோட்டு மருத்துவர்கள் சந்தேகித்தார்கள், புனேயின் தேசிய ஆய்வகம் உறுதிசெய்தது, தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் குழு வந்து கைகொடுத்தது. இதற்கெல்லாம் பட்டியல் தடையாக இருந்ததில்லை.

தடுப்பூசிக் குழப்பத்தைக் காட்டுவார்கள். அதில் நியாயம் உண்டு. 2021 மே மாதம் மாநிலங்களே வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டதால், உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி கோரியும் தடுப்பூசி கிடைக்காமல் அவை தவித்தன. மொத்தக் கொள்முதல் ஒரே இடத்தில் நடப்பதே நல்லது. ஆனால் அந்த முடிவை எடுத்ததும் ஒன்றிய அரசு, ஜூன் 21 முதல் மாற்றியதும் அதுவே. அரசமைப்பில் ஒரு வரி திருத்தப்படவில்லை.

மாற்றினால் இழப்பு என்ன? பொதுப் பட்டியலில் முரண்பாடு வந்தால் ஒன்றியச் சட்டமே மேலோங்கும். 1976இல் கல்வி அங்கே போனது; மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்விலிருந்து விலக்குக் கேட்ட தமிழ்நாட்டுக்கு டெல்லியின் ஒப்புதல் கிடைக்கவில்லை. 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தையும் அதற்கெனத் தனி இயக்குநரகத்தையும் வைத்திருக்கும் மாநிலத்துக்கு இது சின்ன இழப்பல்ல.

குறை இருப்பது வேறிடத்தில். மாநில அமைச்சர்கள் ஒன்றாக அமரும் மத்திய சுகாதாரக் குழு 263ஆவது பிரிவின் கீழ் 1952இலேயே அமைந்தது. அது இன்றும் ஆலோசனை சொல்லும் மன்றம் மட்டுமே. அதைத் தவறாமல் கூட்டுங்கள், அதன் முடிவுகளுக்கு மதிப்புக் கொடுங்கள், நிதியை நிபந்தனையின்றி நேரத்தில் அனுப்புங்கள், காலியாக உள்ள களப்பணியிடங்களை நிரப்புங்கள். அதிகாரத்தை இடம் மாற்றுவது இந்த நான்கில் எதையும் செய்து தராது.