கீஸர் அழுதா என்ன பண்ணுவீங்க?

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கீங்களா பாஸ்? கீஸர் சொட்டுதுன்னா முதல்ல ஸ்விட்ச் ஆஃப், அதுவும் ஈரக் கையோட வேண்டாம். அப்புறம் எங்கே சொட்டுதுன்னு பாருங்க.

சூடேறும்போது மட்டும் சேஃப்டி வால்வில் சொட்டினால் பயமில்லை. 15 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 65-க்குப் போனால் கால் லிட்டர் கூடும். அது வெளியேற வழி வேணுமே! அந்த ஓட்டையை எம்-சீல் வைத்து அடைக்கும் மேதாவி ரூம்மேட்டைத் தடுத்து நிறுத்துங்க. தெர்மோஸ்டாட்டும் கைவிட்டால் டேங்க் வெடிக்கும்.

டேங்க் அடியிலேயே கசிவா? ஒட்டுப்போட முடியாது, மாத்தணும். உள்ளே ஒரு மெக்னீசியம் ராடு, டேங்குக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக் காப்பாத்தும். உப்புத் தண்ணியில் அது சீக்கிரம் தீர்ந்துடும். நம்ம பாலாற்றங்கரை நிலத்தடி நீரில் டேனரி கழிவு உப்பேற்றிய கதைதான் 1996-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வரை போச்சே! வருஷம் ஒருமுறை ராடைக் கழற்றிப் பார்க்கச் சொல்லி ஹவுஸ் ஓனரை நச்சரிங்க.