வாலாட்ட ஓர் இடம்

இந்திய நகரங்களில் நாய் வளர்ப்பவருக்குப் பூங்கா என்பது பெரும்பாலும் வாசல் பலகையோடு முடிந்துவிடுகிறது. "நாய்களுக்கு அனுமதி இல்லை." தில்லியின் குடியிருப்போர் நலச் சங்கங்களாகட்டும், மும்பையின் அடுக்குமாடிக் குடியிருப்புச் செயலாளர்களாகட்டும், இந்த விஷயத்தில் மட்டும் கருத்து வேறுபாடே கிடையாது. அடியோடு தடை போடுவது சரியல்ல, வேண்டுமானால் நாய்களுக்கென்று நேரம் ஒதுக்கலாம் என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015லேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. பலகை மாட்டியவர்கள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

அந்த வகையில் ஹைதராபாத் மாநகராட்சி 2018ல் செய்த காரியம் விசித்திரமானது. கொண்டாப்பூரில் குப்பை கொட்டிக் கிடந்த 1.3 ஏக்கர் நிலத்தைச் சுத்தம் செய்து, சுமார் ரூ. 1.1 கோடி செலவில் நாய்களுக்கென்றே ஒரு பூங்கா அமைத்தது. புல்தரை, நடைபாதை, தாண்டிக் குதிக்கச் சாதனங்கள், மருத்துவ வசதி எல்லாம் உண்டு. சென்னையில் தலைமையகம் உள்ள இந்திய கென்னல் கிளப் அதற்குச் சான்றிதழும் தந்தது. (உலகின் முதல் நாய்ப் பூங்கா என்று சொல்லப்படுவது 1979ல் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் உருவானது. சுரங்க ரயிலுக்காக வீடுகளை அகற்றிய நிலத்தின் மேல். நாய்களுக்குக் கிடைப்பது எங்கும் மிச்ச நிலம்தான் போலிருக்கிறது.)

மனிதர்கள் நடக்கவே நடைபாதை இல்லாத ஊரில் நாய்க்கு நடைபாதையா? வரி கட்டுபவர் கேட்கத்தான் செய்வார். ஆனால் 2024 மே மாதம் சென்னையில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் நடந்ததை அவர் நினைத்துப் பார்க்க வேண்டும். கயிறில்லாமல் திரிந்த இரண்டு ராட்வைலர்கள் ஒரு சிறுமியைக் கடித்துக் குதறின. கயிறு கட்டு, வாய்மூடி போடு, உரிமம் எடு என்ற உத்தரவுகளெல்லாம் அதையடுத்து முழங்கின. உத்தரவுகள் தேவைதான். ஆனால் 40 கிலோ எடையுள்ள நாயை இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் வைத்துக்கொண்டு, அது ஒரு நாளும் ஓடக் கூடாது என்றால் நடக்கிற காரியமா? வேலி போட்ட இடம் இல்லையென்றால், அதிகாலையில் யாரும் பார்க்காத நேரம் குழந்தைகள் பூங்காவில்தான் கயிறு அவிழ்கிறது. நாய்ப் பூங்காவின் வேலி நாயைவிடக் குழந்தைகளுக்கே அதிகம் பயன்படுகிறது.

வேலி மட்டும் போதாது என்பது அங்கே ஒரு மணி நேரம் நின்றால் தெரியும். ஒழுங்கான நாய்ப் பூங்காவுக்கு அடுத்தடுத்து இரண்டு கதவுகள் இருக்கும். முதல் கதவைச் சாத்திவிட்டு, இடைப்பட்ட இடத்தில் கயிற்றை அவிழ்த்த பிறகே இரண்டாவது கதவைத் திறக்க வேண்டும். புதிதாக வருபவர் பயந்துகொண்டு கயிற்றோடே உள்ளே போவார். வம்பே அங்கேதான். சுற்றிலும் பத்து நாய்கள் சுதந்திரமாக நிற்க, தான் மட்டும் கட்டுண்டு நிற்கும் நாய்க்குத் தப்பி ஓட வழியில்லை. ஓட முடியாத நாய் உறுமும், அப்புறம் கடிக்கும். குற்றம் கடைசியில் நாயின் மேல் விழும்.

வாலாட்டுவதெல்லாம் நட்பு என்று நம்புவது இன்னொரு அறியாமை. உடம்பு விறைத்து, வால் உயர்ந்து, மெதுவாக ஆடினால் அது எச்சரிக்கை. முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு குனிந்தால்தான் விளையாட அழைப்பு. துரத்துகிற நாயும் துரத்தப்படுகிற நாயும் மாறிமாறி ஓடினால் கவலையில்லை. ஒன்றே ஓயாமல் துரத்தி, மற்றது பெஞ்சுக்கடியில் ஒளிந்தால், "அதுங்க பார்த்துக்கும்" என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. சிறிய நாய்களுக்குத் தனி அடைப்பு வைப்பதும் சொகுசுக்காக அல்ல. சிப்பிப்பாறை போன்ற வேட்டை நாய்க்கு, ஓடுகிற பொமரேனியன் ஒரு கணம் முயலாகத் தோன்றிவிடலாம். ஒரு கணமே போதும்.

கூப்பிட்டால் வராத நாயை அவிழ்த்துவிடுவதில் அர்த்தமில்லை. பெரும்பாலான நாய்கள் வராததற்குக் காரணம் எஜமானரேதான். வீட்டுக்குக் கிளம்பும்போது மட்டும் அவர் கூப்பிடுகிறார். வந்தால் கயிறு, ஆட்டம் முடிந்தது என்று நாய் இரண்டே நாளில் கற்றுக்கொள்கிறது. நடுநடுவே கூப்பிட்டு, தட்டிக்கொடுத்து, மறுபடி விளையாட விட்டால் இந்தத் தொல்லை இல்லை. அதற்கு எஜமானர் கைபேசியிலிருந்து தலை நிமிர வேண்டும். பூங்காவில் மிக அபூர்வமான காட்சி அதுதான்.

பந்து, பிஸ்கட், எலும்பு இவற்றை உள்ளே கொண்டுபோனால் சண்டை நிச்சயம். பருவத்தில் இருக்கும் பெண் நாயை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். தடுப்பூசி முடியாத குட்டியைக் கொண்டுவருவது எல்லாவற்றையும்விட ஆபத்து. பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நோயுற்ற நாய் போன பிறகும் அதன் கழிவு பட்ட இடம் குட்டிகளைக் கொல்லும். உண்ணிக் காய்ச்சலும் இப்படிக் கூடும் இடத்தில்தான் வீடு மாறுகிறது. தடுப்பூசிச் சான்றிதழைக் கேட்கும் காவலாளியிடம் எரிந்து விழுபவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

பெங்களூர் கப்பன் பூங்காவின் கதை இதையே வேறு விதமாகச் சொல்கிறது. 1870ல் உருவான அந்தப் பூங்காவில் பல ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் நாய் வளர்ப்பவர்கள் கூடினார்கள். தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாய்க்கும் அங்கே லாப்ரடாரோடு சரிசமமாகப் புரள இடம் கிடைத்தது. 2022ல் தோட்டக்கலைத் துறை, நாய்களுக்கே தடை என்று கிளம்பியது. கழிவை அள்ளுவதில்லை, கயிறு கட்டுவதில்லை என்ற புகார்கள்தான் காரணம். எதிர்ப்பு வலுக்கவே துறை பின்வாங்கியது. நாய்ப் பிரியர்கள் அதை வெற்றியாகக் கொண்டாடினார்கள். நடைப்பயிற்சிக்கு வந்தவர்களின் செருப்பில் ஒட்டியதைப் பற்றி அந்தக் கொண்டாட்டத்தில் பேச்சில்லை.

2025 ஆகஸ்டில் தில்லி தெருநாய்களை அடைத்துவைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், இரண்டே வாரத்துக்குள் உத்தரவைத் திருத்தியது. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, வெறி பிடித்தவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றைப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. நாய் என்றாலே நகரம் இரண்டாகப் பிரிந்து நிற்கிற காலம் இது. இந்தச் சூழ்நிலையில் இன்னொரு வார்டில் 1.3 ஏக்கர் கேட்டுப் போகிறவர்களிடம் கவுன்சிலர் என்ன கேட்பார் என்பது தெரிந்ததே. எத்தனை நாய்களுக்கு உரிமம் இருக்கிறது? எத்தனைக்கு ரேபிஸ் ஊசி போட்டாயிற்று? கழிவை அள்ளும் பை யார் கையில் இருக்கிறது?