ஆப்பிள்-1: ஒரு பி.காம் கணக்கு

பழைய கம்ப்யூட்டர் சேகரிக்கும் கிறுக்கு பிடித்த யாரையாவது கேட்டுப் பாருங்கள், மனசுக்குள் ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். ஆப்பிள்-1. ட்விக்கி டிரைவ் போட்ட முதல் லிசா. ஆல்டேர் 8800. ஜெராக்ஸ் ஆல்ட்டோ. "கிடைச்சா சொத்தை வித்தாவது வாங்கிடுவேன்" என்கிற ரகம். எனக்கும் அந்த ஆசை உண்டு. விற்பதற்குச் சொத்துதான் இல்லை :-)

ஆனால் பி.காம் சேர்ந்த பிறகு இந்தப் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் வேறு ஒரு கேள்விதான் வருகிறது. இந்தப் பெட்டிகள் ஏன் அபூர்வமாயின? வைரம் மாதிரி பூமியிலேயே குறைவாகக் கிடைக்கிற சமாச்சாரமா இது? இல்லையே. மனுஷன் தொழிற்சாலையில் செய்த பொருள். குறைவாகச் செய்தார்கள் என்பது பாதி பதில்தான். மீதி பாதி பதில் பேரேட்டில் இருக்கிறது என்பது என் கட்சி.

முதலில் ஆப்பிள்-1. 1976-ல் வந்தது. ஸ்டீவ் வாஸ்னியாக் வடிவமைத்தது. கம்ப்யூட்டர் என்றால் நாம் நினைக்கிற மாதிரி பெட்டி எல்லாம் கிடையாது, வெறும் சர்க்யூட் பலகை. கீபோர்டு, டிவி, மின்சாரத்துக்கான டிரான்ஸ்ஃபார்மர், மூடி எல்லாம் வாங்குகிறவர் பாடு. 6502 என்கிற மலிவான பிராசசர், 4 கிலோபைட் நினைவகம். பேசிக் மொழி வேண்டுமென்றால் கேசட்டிலிருந்து ஏற்ற வேண்டும், அந்த கேசட் இணைப்புக்குத் தனியாக 75 டாலர். கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்புகிற நிரல் மொத்தமே 256 பைட். இந்தப் பத்தியில் நான் இதுவரை எழுதியதில் கால்வாசிகூட அதில் அடங்காது.

விலை 666.66 டாலர். இதை வைத்து சாத்தான் எண், அது இது என்று கதை கட்டுகிறவர்கள் உண்டு. உண்மையில் முதலாமாண்டு கணக்கு அது. கலிபோர்னியாவில் பைட் ஷாப் என்ற கடை ஒன்றுக்கு 500 டாலர் என்று 50 பலகைக்கு ஆர்டர் கொடுத்தது. 500-க்கு மேல் மூன்றில் ஒரு பங்கு லாபம் வைத்தால் எவ்வளவு? 666 சொச்சம். ஒரே எண் திரும்பத் திரும்ப வருவது வாஸ்னியாக்குக்குப் பிடிக்கும் என்பதால் அப்படியே விட்டுவிட்டார்கள். அவ்வளவுதான் மர்மம்.

மொத்தம் செய்தது சுமார் 200. ஆனால் கவனியுங்கள், அதற்கப்புறம் நடந்ததுதான் முக்கியம். 1977-ல் ஆப்பிள்-2 வந்தது. பழையதை வைத்திருக்கிறவர்கள் சந்தேகம் கேட்டு போன் செய்தால் பதில் சொல்லத் தெரிந்தவர் கிட்டத்தட்ட வாஸ்னியாக் ஒருவர்தான். அவர் நேரத்துக்கு என்ன விலை? ஆகவே கம்பெனி ஒரு காரியம் செய்தது. பழைய பலகையைக் கொடுங்கள், ஆப்பிள்-2 வாங்கும்போது கழித்துக்கொள்கிறோம் என்றது. பழைய குக்கருக்குப் புது குக்கர் எக்ஸ்சேஞ்ச் மாதிரி. திரும்பி வந்த பலகைகளை என்ன செய்தார்கள்? அழித்துவிட்டார்கள். வியாபாரமாகப் பார்த்தால் தப்பே சொல்ல முடியாது. நான் அங்கே கணக்கெழுதியிருந்தாலும் அதையேதான் சிபாரிசு செய்திருப்பேன்.

லிசா கதை இன்னும் சுவாரசியம். 1983 ஜனவரியில் 9,995 டாலர் விலையில் வந்தது. மவுஸ், ஜன்னல், ஐகான் எல்லாம் உள்ள அலுவலகக் கம்ப்யூட்டர். அதில் இருந்த ட்விக்கி என்ற ஃபிளாப்பி டிரைவ் சரியாக வேலை செய்யவில்லை. அடுத்த வருடமே வேறு டிரைவ் போட்டு லிசா 2 வந்தது. பழையதை வாங்கியவர்களுக்கு இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள், ட்விக்கி டிரைவைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. இன்றைக்கு ட்விக்கி டிரைவோடு ஒரு லிசா கிடைத்தால் சேகரிப்பாளர்கள் ஆடிப்போவது இதனால்தான். பழுதுதான் அந்த மாடலுக்கு அடையாளம், அந்தப் பழுதைத் திருத்தியதால்தான் அது அபூர்வம்!

அதோடு முடிந்ததா? 1989-ல், விற்காமல் கிடந்த லிசாக்களில் சுமார் 2,700-ஐ அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் லோகன் என்ற ஊரின் குப்பைமேட்டில் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். காரணம், வரி. இதைப் படித்தபோது எனக்கு வகுப்பில் படித்த வாக்கியம்தான் ஞாபகம் வந்தது: இறுதிச் சரக்கிருப்பை அடக்க விலை, சந்தை விலை இரண்டில் எது குறைவோ அதில் காட்ட வேண்டும். சந்தை விலை கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்று ஆன சரக்கை அடித்துப் பிடித்து விற்றால் வருவது சொற்பம். அழித்துவிட்டு நட்டம் என்று போக்கெழுதினால் லாபம் குறையும், வரி குறையும், கிடங்கு வாடகையும் மிச்சம். குறிப்பேட்டில் ஒரே ஒரு பதிவு. அந்த ஒரு பதிவுக்காக 2,700 கம்ப்யூட்டர்கள் மண்ணுக்குள் போயின.

நம் புத்தகங்கள் கம்ப்யூட்டரை எப்படிப் பார்க்கின்றன என்பதற்கு இன்னொரு கணக்கு. குறைந்து செல் மதிப்பு முறையில், நம் வருமான வரிக் கணக்குப்படி 40 சதவீதத் தேய்மானம் போட்டு ஆப்பிள்-1-ஐ எழுதிப் பாருங்கள் (அமெரிக்கப் பலகைக்கு இந்தியத் தேய்மானமா என்று கேட்காதீர்கள், பரீட்சைக்குப் பயிற்சி). முதல் வருட முடிவில் 400 டாலர். ஐந்தாம் வருடம் 52. பத்தாம் வருடம் 4 டாலர். இருபதாம் வருடம் 2 சென்ட்.

ஏலக் கணக்கு இதற்கு நேர் எதிர். 2010-ல் லண்டனில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ஒரு ஆப்பிள்-1, 1,33,250 பவுண்டுக்குப் போனது. 2014-ல் நியூயார்க்கில் ஒன்றை ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் 9,05,000 டாலருக்கு வாங்கியது. 2024-ல் இன்னொன்று 9,45,000 டாலர். "பாத்தியா, அப்பவே வாங்கிப் போட்டிருக்கணும்" என்று எல்லோரும் சொல்கிற இடம் இதுதான்.

இங்கேதான் நான் கால்குலேட்டரை எடுத்தேன். 666.66 டாலர் 48 வருடத்தில் 9,45,000 ஆகியிருக்கிறது என்றால் கூட்டு வட்டியில் வருடத்துக்குச் சுமார் 16 சதவீதம். பிரமாதம்தான். ஆனால் அதே கம்பெனி 1980 டிசம்பரில் பங்கு வெளியிட்டபோது ஒரு பங்கு 22 டாலர். 666 டாலருக்கு 30 பங்கு கிடைத்திருக்கும். இடையில் ஐந்து முறை பங்கைப் பிரித்ததில் ஒன்று 224 ஆனது. 2024-ல் அந்த ஏலம் நடந்த சமயம் பங்கு விலை 200 டாலருக்கு மேல். பெருக்கிப் பாருங்கள், 13 லட்சம் டாலரைத் தாண்டுகிறது, வருடத்துக்குச் சுமார் 19 சதவீதம். டிவிடெண்டைச் சேர்க்கவே இல்லை. நான் ஒப்பிட்டது சாதாரண ஆப்பிள்-1-ஐ அல்ல, மிக உயர்ந்த விலைக்குப் போனவற்றில் ஒன்றை. ஆக முதலீடாகப் பார்த்தால்கூட, காகிதத்தை வாங்கியவன் பலகையை வாங்கியவனை ஜெயித்துவிட்டான். பரணில் இடமும் அடைக்காது.

அப்படியானால் அந்த 9,45,000 எதற்கான விலை? பலகைக்கு அல்ல. அதே சர்க்யூட்டை அச்சு அசலாக நகலெடுத்து ஆர்வலர்கள் சில நூறு டாலரில் செய்து ஓட்டுகிறார்கள். அதே நிரல், அதே எழுத்துகள் அதே மெதுவான வேகத்தில் திரையில் வரும். 2024-ல் போனது ஸ்டீவ் ஜாப்ஸின் அலுவலகத்தில் இருந்த பலகை, அதனால் அந்த விலை. 2021-ல் கலிபோர்னியாவில் வேறொன்று 4,00,000 டாலருக்குத்தான் போனது. யார் கை பட்டது என்பதற்குத்தான் பணம்.

அதில் எனக்கு வருத்தமில்லை. கதைக்கு விலை கொடுப்பது மனுஷ சுபாவம், காந்தியின் கண்ணாடியையும் ஏலம் எடுத்திருக்கிறார்கள். என் வருத்தம் வேறு. விலை ஏற ஏற, அந்தப் பொருளை யாரும் ஓட்டத் துணிவதில்லை. ஆப்பிள்-1-ல் பெரிய நீலக் கெபாசிட்டர்கள் இருக்கும். இத்தனை வருடத்தில் உள்ளே காய்ந்திருக்கலாம், அப்படியே மின்சாரம் கொடுத்தால் மற்ற பாகங்களையும் சேர்த்துக் கெடுக்கலாம். மாற்றிவிட்டால் பத்திரமாக ஓடும். ஆனால் மாற்றினால் "ஒரிஜினல்" போய்விடும், ஏல மதிப்பு குறையும். ஆகவே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டு. கணக்குப் போடவென்று செய்த இயந்திரம் கணக்கே போடக்கூடாது!

இதற்கு மாற்றாக ஓர் இடம் இருந்தது. மைக்ரோசாஃப்ட்டின் இணை நிறுவனர் பால் ஆலன் சியாட்டில் நகரத்தில் நடத்திய லிவிங் கம்ப்யூட்டர்ஸ் அருங்காட்சியகம். 2012-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். பெயரிலேயே இருக்கிறது கொள்கை: இயந்திரங்கள் உயிரோடு இருக்க வேண்டும். அறுபது, எழுபதுகளின் பெரிய இயந்திரங்களைப் பழுது பார்த்து ஓட விட்டார்கள். போகிறவர்கள் உட்கார்ந்து தட்டிப் பார்க்கலாம். சியாட்டில் போக முடியாதவர்கள் கணக்கு ஒன்று கேட்டு வாங்கி, வீட்டிலிருந்தே இணையம் வழியாக அந்தப் பழைய இயந்திரங்களுக்குள் நுழையலாம். ஆலனும் பில் கேட்ஸும் பள்ளிப் பையன்களாக நிரல் எழுதப் பழகியது பிடிபி-10 என்ற இயந்திரத்தில். அந்த வகை இயந்திரம் ஓடுவதை யார் வேண்டுமானாலும் பார்க்க முடிந்தது. 2024 ஏலத்துக்கு வந்த அந்த ஆப்பிள்-1 இருந்ததும் இங்கேதான்.

2018 அக்டோபரில் ஆலன் இறந்தார். 2020-ல் கொரோனா சமயத்தில் கதவைச் சாத்தினார்கள். 2024 ஜூனில், இனி திறக்கப்போவதில்லை, சேகரிப்பிலிருந்து ஒரு பகுதி ஏலத்துக்கு வருகிறது என்று அறிவிப்பு. பணம் தர்மத்துக்குப் போகிறது, அது ஆலனின் விருப்பம் என்றார்கள். யாரும் சட்டத்தை மீறவில்லை, யாரும் திருடவில்லை. ஆனாலும் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது. உலகப் பணக்காரர்களில் ஒருவர் நடத்திய இடம், அவருக்குப் பின் ஆறு வருடம் தாங்கவில்லை. மின்சாரக் கட்டணத்துக்கும் மெக்கானிக் சம்பளத்துக்கும் வட்டி வருகிற மாதிரி ஒரு நிதியைத் தனியாக ஒதுக்கி, ஓர் அறக்கட்டளைப் பத்திரம் எழுதி, "இவை விற்பனைக்கு அல்ல" என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதுமே! சின்ன ஊர்க் கோயிலில் ஒரு கால விளக்குக்கு நிலம் எழுதி வைத்தவர்களுக்குத் தெரிந்திருந்த சங்கதி இது.

பணமில்லாமலும் சிலர் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் பிளெட்ச்லி பார்க்கில் உள்ள தேசியக் கம்ப்யூட்டிங் அருங்காட்சியகத்தில் ஹார்வெல் டெகட்ரான் என்ற இயந்திரம் இருக்கிறது. 1951-ல் ஓடத் தொடங்கியது, இரண்டரை டன் எடை. அணுசக்தி ஆராய்ச்சிக்குப் பயன்பட்டு, 1957-ல் ஒரு கல்லூரிக்குப் போய் மாணவர்களுக்கு நிரல் சொல்லிக்கொடுத்து, அப்புறம் ஓர் அருங்காட்சியகத்தில் நின்று, கடைசியில் கிடங்கில் தூசி படிந்து கிடந்தது. தன்னார்வலர்கள் மூன்று வருடம் உட்கார்ந்து சரிசெய்து 2012-ல் மறுபடி ஓட்டினார்கள். ஒரு பெருக்கலுக்கே பல விநாடிகள் எடுக்கும். ஆனால் எண்கள் ஆரஞ்சு வெளிச்சமாகக் குழாய்களில் சுற்றுவதைக் கண்ணால் பார்க்கலாம். என்னிடம் ஒரு விமான டிக்கெட் கொடுத்து, கண்ணாடிக்குள் இருக்கும் ஆப்பிள்-1-ஆ, ஓடுகிற டெகட்ரானா என்றால் யோசிக்காமல் டெகட்ரான் பக்கம்தான் போவேன்.

சேகரிப்பாளர்களைத் திட்டுவதாக நினைக்க வேண்டாம். கம்பெனிகள் புதைத்ததையும் நசுக்கியதையும் மீறி நாலு மிஞ்சியிருக்கிறது என்றால் அவர்களால்தான். 2015-ல் கலிபோர்னியாவில் ஒரு பெண்மணி, கணவர் இறந்த பிறகு கேரேஜில் கிடந்த எலக்ட்ரானிக் சாமான்களைப் பெட்டி பெட்டியாக ஒரு மறுசுழற்சிக் கம்பெனியில் இறக்கிவிட்டு, ரசீதுகூட வாங்காமல் போய்விட்டார். சில வாரம் கழித்துப் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஆப்பிள்-1. ஒரு சேகரிப்பாளர் இரண்டு லட்சம் டாலர் கொடுத்தார். பாதி அந்தப் பெண்மணிக்குச் சேர வேண்டும் என்று கம்பெனி அவரைத் தேடியது. பெட்டியைத் திறந்தவருக்கு அது என்னவென்று தெரிந்ததே, அதுதான் எனக்கு இதில் பெரிய விஷயம். தெரியாதவர் திறந்திருந்தால் எடைக்குப் போயிருக்கும்.

நம் ஊரில் காயலான் கடை ஆளுக்கு அது தெரியும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் அலுவலகத்தில் கணக்கு முடிக்கும்போது "பழைய கம்ப்யூட்டர், ஒரு லாட்" என்று போக்கெழுதப் போகிறவர்கள் நாம்தான், பி.காம் மக்களே. எழுதுவதற்கு முன் அந்த லாட்டில் என்னென்ன மாடல் இருக்கிறது என்று ஒரு முறை பார்ப்பதற்கு அரை மணி நேரம் ஆகும். பெங்களூரில் உருவாக்கி 2004-ல் கடைக்கு வந்த சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கருவி ஞாபகமிருக்கிறதா? சாமானிய மக்களுக்கான கம்ப்யூட்டர் என்று அப்போது பெரிய பேச்சு, எதிர்பார்த்த மாதிரி விற்கவில்லை. அதை வாங்கிய ஏதாவது அலுவலகத்தின் பீரோவில், சார்ஜரோடு, இன்னும் ஒன்று இரண்டு கிடக்கலாம். உங்கள் மாமா, சித்தப்பா யாராவது அப்படி ஒரு இடத்தில் வேலை பார்த்திருந்தால் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள், விற்க அல்ல, ஆன் பண்ணிப் பார்க்க.