உறைந்த எண்ணெய்

மார்கழி விடியலிலே பண்டாரவளைப் பக்கத்துத் தோட்ட வீடுகளில் தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்தால் ஒரு துளியும் விழாது. கலப்படம் என்று கடைக்காரரை நோவாருமுளர். நாமும் ஒருமுறை நொந்ததுண்டு! உண்மையில், ஏறக்குறைய 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறைவது அதன் இயல்பு. போத்தலைச் சற்றே வெந்நீரில் நிறுத்தினால் இளகிவிடும்.

முழுகுமுன் எண்ணெய் தேய்ப்பது பாட்டிமார் வழக்கம். கழுவும்போது கூந்தலின் புரதம் கழிவதைத் தேங்காயெண்ணெய் குறைக்கிறது என்றும், சூரியகாந்தி எண்ணெய்க்கு அவ்வாற்றல் இல்லையென்றும் 2003-இல் வெளியான இந்திய ஆய்வொன்று காட்டிற்று. அதிலுள்ள லோரிக் அமிலம் மயிரினுள்ளே புகவல்லது.

ஆனால் கொழுந்துக் கூடையின் கயிறு ஆண்டுக்கணக்காக அழுத்தி உச்சியில் மயிரிழந்த நம் தோட்டத்துத் தாய்மாருக்கு எந்த எண்ணெயும் மருந்தாகாது. அவர்களுக்கு முதலில் வேண்டியது, பாரத்தைத் தோளுக்கு மாற்றும் கூடையே.